ஃ: முப்புள்ளிக்கு வாய்த்த பிறர்பெயர்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில் திருவள்ளூரைக் கடந்து சற்று நேரத்தில் கடம்பத்தூரில் நிற்கும். அங்கே இறங்கிச் சாலையோரப் பட்டறைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு செய்தி கண்ணில் படுகிறது. ஒரு பலகையில் ‘ஃபேப்ரிகேஷன்’ என்றிருக்கிறது. அடுத்ததில் ‘பேப்ரிகேஷன்’ என்றிருக்கிறது. முதற்பலகை எழுதியவர் மூன்று புள்ளிகளை இட்டுப் பகரத்தை வேறோர் ஒலியாக்கினார். இரண்டாமவர் அதனைப் படிப்பவரின் நாவுக்கே விட்டுவிட்டார். இதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கும்மிடிப்பூண்டியில், இரும்பை உருக்கி உருட்டும் ஆலைகள் பல உள்ளன. அவ்வாலைகளில் விளையும் பொருளுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பெயர் ஒன்றுண்டு: எஃகு. பலகைகளில் பெரும்பாலும் ‘ஸ்டீல்’ என்றே எழுதுகிறார்கள் என்பது வேறு செய்தி. நாம் நோக்க விரும்புவது, ‘எஃகு’ என்பதிலுள்ள முப்புள்ளியும் ‘ஃபேப்ரிகேஷன்’ என்பதிலுள்ள முப்புள்ளியும் ஒன்றுதானா என்பதை.

வடிவத்தால் ஒன்றே, தொழிலால் வெவ்வேறு. கணினியோ இவ்விரண்டையும் ஒரே எண்ணால் அறிகிறது. யூனிகோடு என்னும் ஒருங்குறியில் அவ்வெண் பதின்மக் கணக்கில் 2947. அவ்வெண்ணுக்கு எதிரே பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் ‘தமிழ் சைன் விசர்கா’. அதாவது, தமிழ் விசர்க்கக் குறி. தொல்காப்பியர் காலந்தொட்டு ஆய்தம் என்று வழங்கிவரும் ஓர் எழுத்துக்கு உலகப் பொது அட்டவணையில் விசர்க்கம் என்ற பெயர் எவ்வாறு வந்தது, அதனால் நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இலக்கணத்தார் சொல்வதைக் காண்போம். தொல்காப்பியம் தமிழ் எழுத்துகளை முப்பது என்று வகுத்து, அவற்றைச் சார்ந்து வருவன மூன்று என்கிறது. குற்றியலிகரம், குற்றியலுகரம் என்னும் இரண்டோடு மூன்றாவதாக நிற்பது ஆய்தம். புள்ளி வடிவினது என்று அடையாளமும் காட்டப்படுகிறது. அது வரும் இடமும் வரையறுக்கப்பட்டது: முன்னே ஒரு குற்றெழுத்து நிற்க வேண்டும்; பின்னே உயிரோடு கூடிய வல்லெழுத்து நிற்க வேண்டும். அஃது, இஃது, எஃகு, கஃசு, பஃறுளி ஆகிய எல்லாச் சொற்களும் இவ்விதிக்கு அடங்கும். புணர்ச்சியிலும் அது பிறக்கிறது. அல் என்பதும் திணை என்பதும் சேர்ந்து அஃறிணை ஆகின்றன. முள் என்பதும் தீது என்பதும் சேர்ந்து முஃடீது ஆகின்றன. நன்னூலார் ஆய்தத்துக்குத் தலையைப் பிறப்பிடமாகக் கூறினார். அதற்கு அரை மாத்திரை. குறுகினால் கால் மாத்திரை. யாப்பில் அது சில இடங்களில் மெய்யைப் போலவும் சில இடங்களில் உயிரைப் போலவும் அலகு பெறும். அஃகேனம், தனிநிலை என்னும் பெயர்களும் அதற்குண்டு. பள்ளிக்கூடத்தில் நாம் ஒப்பித்த கணக்கும் நினைவுக்கு வருகிறது: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, இவற்றைக் கூட்டினால் 246. அதனை 247 ஆக்குவது இந்த ஒற்றை எழுத்து.

விசர்க்கம் இதனின் வேறானது. வடமொழியில் ஓர் உயிரின் இறுதியில் மூச்சாக வெளிப்படும் ஒலி அது. மேலும் கீழுமாக இரு புள்ளிகளால் குறிக்கப்படுவது. பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் நிற்பது. சொல்லின் இடையிலும் வருவதுண்டு. அவ்வாறு இடையில் வந்த ஒரு வடசொல்லைத் தமிழ் ஏற்றபோது ‘துக்கம்’ என்று வல்லொற்றை இரட்டித்துக்கொண்டதேயன்றி ஆய்தம் இட்டுக்கொள்ளவில்லை. விசர்க்கத்தின் வேலைக்கு ஆய்தத்தை அழைக்கலாம் என்று அச்சொல்லை ஆக்கியவர்களுக்குத் தோன்றவில்லை.

எனினும் இரண்டுக்கும் உறவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் இல்லை. புள்ளிகளால் எழுதும் வழக்கத்தில் இரண்டும் ஒரே குடும்பம் என்று கருதுவோர் உண்டு. ஒருங்குறி ஏட்டின் தமிழ்ப் பகுதியும் அவ்வரலாற்று உறவைக் குறிப்பிடுகிறது. ஆனால் எழுத்து வடிவின் உறவு வேறு, ஒலியின் உறவு வேறு. மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளிவந்த தம் திராவிட மொழிகள் பற்றிய நூலில், மூலத் திராவிடத்தில் குரல்வளை ஒலி ஒன்று இருந்ததென்றும், பழந்தமிழ் ஆய்தம் அதன் எச்சமென்றும் வாதிட்டார். அக்கருத்தின்படி ‘அஃது’ என்னும் சொல்லில் உள்ள ஒலி எங்கிருந்தும் கடன் பெற்றதன்று. பிற திராவிட மொழிகள் பெரிதும் இழந்துவிட்ட ஒன்றைத் தமிழ் தன் சுட்டுச் சொற்களில் காத்து வைத்திருக்கிறது.

இனி அட்டவணைக்கு வருவோம். 1980களில் இந்திய மொழிகளுக்கென ஒரு பொதுக் குறியேற்றம் வகுக்கப்பட்டது. இஸ்கி என்று சுருக்கமாக வழங்கும் அது 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஏட்டில் இடம்பெற்றது. அதன் அடிப்படை எண்ணம் எளிது: பிராமியிலிருந்து கிளைத்த எழுத்து முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. தேவநாகரியின் ககரம் எங்கே அமர்கிறதோ அதே இடத்தில் வங்கத்தின் ககரமும் தெலுங்கின் ககரமும் தமிழின் ககரமும் அமரும். ஒரு பொத்தானைத் தட்டினால் ஓர் எழுத்து முறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். நாடு முழுமைக்கும் ஒரே கருவி செய்ய நினைத்தவர்களுக்கு அது கவர்ச்சியான திட்டமே. அவ்வரிசையில் விசர்க்கத்தின் இருக்கை 163. அதை அடுத்து வருவது அகரம்.

1991இல் யூனிகோடின் முதற்பதிப்பு வெளிவந்தபோது இந்திய எழுத்துகளுக்கு இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வரிசையே அச்சாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வோர் எழுத்து முறைக்கும் 128 இருக்கைகள். தேவநாகரி விசர்க்கம் 2307, வங்கத்தில் 2435, குசராத்தியில் 2691, ஒரியாவில் 2819, தெலுங்கில் 3075, கன்னடத்தில் 3203, மலையாளத்தில் 3331. எந்த இரண்டு எண்களின் வேறுபாட்டை எடுத்து வகுத்தாலும் 128 மீதியின்றி வகுக்கும். இந்த அணிவகுப்பில் தமிழுக்குரிய இடம் 2947. அந்த இடத்தில் வைப்பதற்குத் தமிழில் விசர்க்கம் இல்லை. புள்ளிகளால் ஆன எழுத்து ஒன்று இருந்தது. அது அங்கே அமர்த்தப்பட்டது. இருக்கையின் பெயரே அமர்ந்தவரின் பெயராயிற்று. அதற்கு முந்தைய இருக்கையான 2946 அனுஸ்வாரத்துக்கு உரியது. தமிழ் எழுதும் எவருக்கும் அது தேவைப்படுவதில்லை. தமிழில் வழங்காதது என்ற குறிப்போடு அது இன்றும் அங்கே இருக்கிறது.

பெயர்தானே, போகட்டும் என்று விடலாம். ஆனால் கணினி உலகில் ஓர் எழுத்துக்குப் பெயரோடு குணமும் எழுதப்படுகிறது. விசர்க்கம் தனித்து நிற்காது, முன்னுள்ள எழுத்தைப் பற்றி நிற்கும் சார்குறி. ஆகவே தொடக்கப் பதிப்புகளில் நம் ஆய்தமும் கால், கொம்பு, சுழி ஆகியவற்றோடு சார்குறிகளின் வகையிலேயே வைக்கப்பட்டது. சார்குறி ஒன்று துணையின்றி நின்றால், பிழை என்பதை உணர்த்த அதன் அருகே புள்ளிகளாலான வட்டம் ஒன்றைக் காட்டுவது எழுத்துருக்களை இயக்கும் மென்பொருளின் வழக்கம். ஒருங்குறிக்கு மாறிய புதிதில், பழைய கணினிகளில் சொல்லின் முதலில் ஆய்தத்தைத் தட்டிவிட்டு, அழையாத அவ்வட்டம் வந்து நின்றதைக் கண்டு திகைத்தவர்களில் நாமும் உண்டு. எழுத்துருவில் கோளாறு என்றே அப்போது எண்ணினோம். கோளாறு எழுத்துருவில் இல்லை. எழுத்தைப் பற்றிய எண்ணத்தில் இருந்தது.

அகரவரிசையிலும் இடர் நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முதலாக நாம் புரட்டும் அகராதிகள் ஆய்தத்தை ஔகாரத்துக்குப் பின்னும் ககரத்துக்கு முன்னும் வைக்கின்றன. உயிருக்கும் மெய்க்கும் நடுவே என்பது அதன் இயல்புக்குப் பொருத்தமான இடம். ஒருங்குறி எண்களிலோ அகரம் 2949, ஆய்தம் 2947. எண்களை மட்டும் நம்பி அடுக்கும் மென்பொருள் ஆய்தத்தை அகரத்துக்கும் முன்னே கொண்டுபோய் நிறுத்தும். சரியான வரிசைக்குத் தனியே விதி எழுத வேண்டியதாயிற்று.

தமிழர் தாமே வகுத்துக்கொண்ட குறியேற்றம் ஒன்றை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இணையத்தின் தொடக்கக் காலத்தில் பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்து உருவாக்கிய திஸ்கியில் ஔகாரம் 182, ஆய்தம் 183, ககரம் 184. நன்னூல் படித்த ஒருவர் எங்கே தேடுவாரோ அங்கேயே அது இருந்தது. அதற்கும் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்துரு இல்லாத கணினியில் திஸ்கிப் பக்கத்தைத் திறந்தால் 183 என்னும் எண் மேலை எழுத்துகளில் ஒற்றை நடுப்புள்ளியாகத் தெரியும். முப்புள்ளி ஒரு புள்ளியாகச் சுருங்கியது. ஆனால் புள்ளியாகவே இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிலும் ஆய்தத்துக்கு உரிய இடம் கிடைத்தது: ஆங்கிலத்தில் ‘எஃப்’ இருக்கும் விசை. திட்டமிட்டோ தற்செயலாகவோ, கடம்பத்தூர்ப் பலகை எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான விசை அமையாது.

ஏனெனில் இருபதாம் நூற்றாண்டில் ஆய்தம் ஒரு புதுத் தொழிலை மேற்கொண்டுவிட்டது. பகரத்துக்கு முன் நின்று அதனை உதட்டுப்பல் உரசொலியாக மாற்றும் தொழில் அது. ஃபாத்திமா, ஃபிரான்ஸ், ஆஃபீஸ். ஆய்தம் இல்லையேல் கூரையில் சுழல்வது தலையில் ஊர்வதாகிவிடும் என்று மின்விசிறியை வைத்துச் சொல்லப்படும் பழைய நகைச்சுவை எல்லோரும் அறிந்ததே. இவ்வழக்கைக் கடிந்த அறிஞர்கள் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை: சொல்லின் முதலில் ஆய்தம் வாராது, குற்றெழுத்தின் துணையின்றி அது நில்லாது. ஆயினும் வழக்கு இலக்கணத்தைக் காத்திருக்கச் செய்துவிட்டுத் தான் முன்னே நடந்தது.

மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விசர்க்கம் பின்னோக்கி நிற்கிறது. தனக்கு முன் ஒலித்த உயிரின் வால் அது. பழைய ஆய்தம் இருபுறமும் நோக்கி நிற்கிறது. முன்னே குறிலும் பின்னே வல்லினமும் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. புதிய ஆய்தம் முன்னோக்கி நிற்கிறது. தனக்குப் பின் வரப்போகும் எழுத்தின் ஒலியை மாற்றுவதே அதன் வேலை. சார்பெழுத்து என்று தொல்காப்பியம் சொன்னது பொய்யாகவில்லை; சாரும் திசை மாறியிருக்கிறது. அட்டவணை வகுத்தவர்களும் ‘சார்ந்து வருவது’ என்றுதான் எழுதினார்கள். ஆனால் எதைச் சார்ந்து என்னும் கேள்விக்கு வேறொரு மொழியின் விடையை எழுதிவிட்டார்கள்.

குணத்தைப் பற்றிய பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. இன்று ஒருங்குறித் தரவில் ஆய்தம் சார்குறி அன்று, தனி எழுத்து. ஏட்டின் தமிழ்ப் பகுதியும் அது தமிழில் ஆய்தம் எனப்படும் என்றும், அயல் ஒலிகளைக் குறிக்க மெய்க்கு முன் வரும் என்றும் விளக்குகிறது. அட்டவணையிலும் பெயருக்கு அடியில் ‘ஆய்தம்’ என்ற சொல் சிறு குறிப்பாக உண்டு. பெயர் மட்டும் மாறவில்லை, மாறவும் மாறாது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், ஓர் எழுத்துக்கு ஒருமுறை இட்ட பெயரை எக்காரணத்தாலும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி. உலகெங்கும் உள்ள நிரல்கள் அப்பெயர்களை நம்பி எழுதப்பட்டிருப்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இதனால் தவறான பெயரோடு நிலைத்துவிட்டவை பல. 418ஆம் எண்ணில் உள்ள இலத்தீன் எழுத்து ‘கா’ என்னும் ஒலிக்குரியது; ‘ஓ, ஐ’ என்னும் இரண்டு எழுத்துகளின் சேர்க்கை என்று தவறாகப் படித்துப் பெயரிட்டுவிட்டார்கள். லாவோ எழுத்துகள் சிலவற்றின் பெயர்களும் பிழையானவை. அடைப்புக்குறி ஒன்றின் பெயரில் ‘பிராக்கெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே எழுத்து முன்பின்னாகி நிற்கிறது. இத்தகையவற்றுக்குத் திருத்தப் பெயர் ஒன்றைப் பக்கத்தில் எழுதுவதோடு சரி.

ஒலியை மாற்றவும் குறிக்கவும் பயன்படும் இத்தகைய சிற்றெழுத்துகளுக்கு உலகின் பிற பகுதிகளிலும் இதே விதி நேர்ந்திருக்கிறது. ஹவாய் மொழியின் ‘ஒகினா’ என்பது குரல்வளை அடைப்பொலியைக் குறிக்கும் ஒரு முழு மெய்யெழுத்து. அம்மொழியின் பதின்மூன்று எழுத்துகளில் ஒன்று. பார்வைக்குத் தலைகீழான காற்புள்ளி போன்றது. ஒருங்குறியில் அதற்கு 699 என்ற தனி எண் இருந்தும், மக்கள் விசைப்பலகையில் எளிதாகக் கிடைக்கும் மேற்கோள் குறியையே தட்டுகிறார்கள். மென்பொருள் அதனை நிறுத்தற்குறி என்று கொண்டு சொல்லை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆனால் அதற்கு அட்டவணையில் இட்ட பெயர் ‘திரும்பிய காற்புள்ளி’ என்னும் பொருளுடையது. வடிவத்தை மட்டும் சொல்வது. அது எந்த மொழியின் இலக்கணத்தையும் அதன்மேல் ஏற்றவில்லை. நம் எழுத்துக்கும் ‘முப்புள்ளி’ என்று பெயரிட்டிருந்தால் எவருக்கும் வருத்தம் இராது.

இப்பெயரால் இழப்பு ஆய்தத்துக்கு மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். வடமொழித் துதிகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் நூல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விசர்க்கம் வேண்டிய இடத்தில் முக்காற்புள்ளி இடுவதே வழக்கம். ‘தமிழ் விசர்க்கம்’ என்னும் பெயருடைய எழுத்து ஒன்று இருந்தும், தமிழில் விசர்க்கம் எழுத விரும்புவோருக்கு அது உதவாது. அதை இட்டால் படிப்பவர் ஆய்தமாகவே படிப்பார். ஆக, பெயருக்குரியவர் வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பவருக்குப் பெயர் பொருந்தவில்லை. உண்மையான விசர்க்கத்துக்கு இடம் கிடைத்தது 2014இல், கிரந்த எழுத்துகள் தனித் தொகுதியாக ஒருங்குறியில் ஏறியபோது. அதன் எண் 70403. அதற்குமுன், 2010இல், கிரந்தத்தை எவ்வாறு சேர்ப்பது என்பது பற்றித் தமிழகத்தில் எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். தமிழும் கிரந்தமும் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது என்பதே எதிர்த்தவர்களின் கவலை. அக்கவலையை மிகை என்று அன்று நகைத்தவர்கள் 2947ஆம் எண்ணின் கதையை ஒருமுறை படித்திருக்கலாம்.

இக்கதைக்குக் கடம்பத்தூர் வட்டாரத்திலேயே ஒரு பழைய மறுமொழி இருக்கிறது. அதே ரயில் பாதையில் இன்னும் சில நிலையங்கள் தள்ளித் திருவாலங்காடு. அங்கே 1905இல் கிடைத்தது முதலாம் இராசேந்திர சோழனின் பெயர்பெற்ற செப்பேட்டுத் தொகுதி, முப்பத்தொரு ஏடுகள். முற்பகுதி வடமொழிச் செய்யுள். கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டது. பிற்பகுதி தமிழ், தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதியில் வடசொல் வருமிடத்துக் கிரந்த எழுத்து கலப்பதுண்டு; ஆயினும் எது எதற்குரியது என்பதில் செப்பேடு எழுதியவர்களுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. இரு எழுத்து முறைகளையும் அறிந்தவர்கள் அவர்கள். ஆதலால் ஒன்றின் இருக்கையில் மற்றொன்றை அமர்த்தவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அட்டவணை வகுத்தவர்கள் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். எல்லா எழுத்துகளும் ஒரே வரிசையில் நிற்கும் என்று நம்பியவர்கள், அவ்வளவே. வரிசை எவ்வளவு ஒழுங்காக அமைகிறதோ, அவ்வளவுக்கு அதில் பொருந்தாத ஒன்று வாய்மூடி நிற்க நேர்கிறது.

பெயரை மாற்றும் வழி நமக்கு இல்லை. ஆனால் அடியில் உள்ள சிறு குறிப்பை மேலே உள்ள பெயரைவிட வலிதாக்கும் வழி உண்டு. 2004இல் மணிரத்னம் மூன்று இளைஞர்களின் கதைக்கு இவ்வெழுத்தின் பெயரைச் சூட்டியபோது, மூன்று புள்ளிகளைக் கண்ட எவரும் விசர்க்கம் என்று சொல்லவில்லை. எழுத்துரு செய்பவரும் நிரல் எழுதுபவரும் தம் கருவிகளில் ஆய்தம் என்றே பெயர் காட்டலாம், பலர் காட்டுகிறார்கள். ‘ஆயுத எழுத்து’ என்று சொல்லும் பழக்கத்தை விட்டு, ஆய்தல் என்னும் நுணுக்கத்தோடு இயைந்த பெயர் இது என்று பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு வரி சொல்லலாம்.

கடம்பத்தூர்ப் பலகை எழுதிய ஓவியருக்கு 2947 என்னும் எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தூரிகையால் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக அவர் இட்ட புள்ளிகள் அடுத்துவரும் எழுத்தின் ஒலியை மாற்றிவிட்டன. படிப்பவரும் சரியாகவே படித்தார். அந்த எழுத்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லும் வேலை மட்டும் நம்முடையது.